கப்பலில் உங்கள் அறை எந்தப் பக்கம்?



"வெளிநாட்டில் இருக்கிற மகன் எல்லோரையும் கப்பல் பயணத்துக்கு அழைக்கிறான். யன்னல் வைத்த அறையா, பல்கனி வைத்த அறையா என்று கேட்கிறான். உம்மாவுக்கு எது நல்லது?" இப்படியான பேச்சு இப்போது நம் வீடுகளிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'கோர்டேலியா' உல்லாசக் கப்பல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளுக்கும் வந்து போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்ற அந்தச் சேவை 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலுடன் மறுபடி தொடங்கியது.

மன்னார்ச் சகோதரிகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். "எங்கள் கடலுக்கு ஏது உல்லாசக் கப்பல்?" என்பார்கள். உண்மைதான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள தீடைகளில் சில இடங்களில் தண்ணீர் இடுப்பளவுக்குக் கூட இல்லை. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால், கப்பலில் எந்த இடத்தில் இருப்பது, எந்தப் பக்கம் பார்ப்பது என்ற விஷயத்தில் மன்னார்க் கரைக்குத் தெரிந்த அளவு வேறு எந்தக் கரைக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை அந்தக் கரையிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அறை கேட்ட பயணி

கப்பலில் நல்ல அறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் இப்னு பதூதா. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனாவுக்குப் போவதற்காக அவர் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். துறையில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. அந்தக் காலத்திலேயே அக்கப்பல்களில் நான்கு தளங்களும், பூட்டிச் சாவி எடுத்துக்கொள்ளக் கூடிய தனி அறைகளும், சில அறைகளுக்குள் கழிப்பிடமும் இருந்தன என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். தம்முடன் வந்த அடிமைப் பெண்களுக்காகத் தமக்குத் தனி அறை வேண்டும் என்று அவர் கேட்டார். நல்ல அறைகளையெல்லாம் சீன வணிகர்கள் போக வரப் பேசி எடுத்துவிட்டிருந்தார்கள். கிடைத்தது கழிப்பிடம் இல்லாத ஓர் அறை. இடம் போதாது என்று அவருடைய ஆட்களும் முறையிட்டார்கள். ஆகவே பெரிய கப்பலை விட்டு, சிறிய கப்பல் ஒன்றுக்குத் தம் சாமான்களையும் ஆட்களையும் மாற்றினார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக அவர் கரையிலேயே தங்கிவிட்டார். அந்த நேரத்தில் கடல் கொந்தளித்தது. பெரிய கப்பல் உடைந்து போனது. சிறிய கப்பலோ அவரை விட்டுவிட்டே பாய் விரித்துப் போய்விட்டது. அவர் கையில் மிஞ்சியது பத்துத் தீனாரும் படுத்திருந்த விரிப்பும்தான்!

அறையைத் தேர்ந்தெடுப்பது நம் கையில், பயணத்தை முடித்து வைப்பது அல்லாஹ்வின் கையில் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அதே இப்னு பதூதா 1344-இல் நம் புத்தளத்துக்கு வந்தார். ஆதம் மலைக்குப் போய்த் திரும்பி, இங்கிருந்து தமிழகக் கரைக்குக் கப்பல் ஏறினார். அந்தக் கரை நெருங்கும் வேளையில் கப்பல் ஆழமில்லாத இடத்தில் தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள். மாலுமிகள் தெப்பம் கட்டினார்கள். தெப்பத்தில் எல்லோருக்கும் இடமில்லை. தோழர்கள் இருவரையும் ஒரு பெண்ணையும் அவர் அதில் அனுப்பி வைத்தார். இன்னொரு பெண், தனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருகிறேன் என்று சொல்லிக் கடலில் இறங்கினாள். ஆண்கள் திகைத்து நின்ற கப்பலில் அந்தப் பெண்ணின் நீச்சல்தான் ஒரு வழியைத் திறந்தது. அவளுடைய பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் நம் பெண் பிள்ளைகளுக்கு மறைவான இடத்தில், பெண்களைக் கொண்டே நீச்சல் பழக்க வேண்டும் என்பதற்கு அவள் ஒருத்தி போதும்.

மூன்று வகை அறைகள்

இனி இன்றைய கப்பலுக்கு வருவோம். உல்லாசக் கப்பல்களில் பொதுவாக மூன்று வகை அறைகள் உண்டு. நடுவில், யன்னலே இல்லாத உள் அறை. திறக்க முடியாத கண்ணாடி யன்னலுள்ள வெளி அறை. கதவைத் திறந்து வெளியே நிற்கக் கூடிய பல்கனி அறை. விலையும் இந்த வரிசையிலேயே ஏறும்.

உள் அறை மலிவு. விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நடுநிசிதான். நன்றாக உறக்கம் வரும். ஆனால் பஜ்ருக்கு எழுப்ப வெளிச்சம் வராது, கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். மூச்சு முட்டுவது போன்ற பயம் உள்ளவர்களுக்கும், குமட்டல் வரக் கூடியவர்களுக்கும் இது ஆகாது. கப்பல் ஆடும்போது அடிவானத்தைப் பார்த்தால் தலைச்சுற்று குறையும். உள் அறையில் பார்ப்பதற்கு அடிவானம் இல்லை.

குமட்டலுக்குப் பயப்படுகிறவர்கள் அறையின் வகையைவிட அது இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். சீசோ பலகையை நினைத்துப் பாருங்கள். இரு முனைகளும் ஏறி இறங்கும், நடு அசையாது. கப்பலும் அப்படித்தான். முன்பக்கமும் பின்பக்கமும் உயர்ந்த தளங்களும் அதிகம் ஆடும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையே அமைதியானது. "மேல்தளம்தான் கௌரவம்" என்று காசைக் கூடுதலாகக் கொடுத்து, மூன்று நாளும் படுக்கையை விட்டு எழாமல் கிடப்பதில் என்ன இலாபம்?

யன்னல் அறை எடுப்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்: "யன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா?" சில அறைகளில் கடலுக்குப் பதிலாகப் படகின் அடிப்பாகம்தான் தெரியும். அந்த அறைகளுக்கு விலை குறைவு. காரணத்தைச் சொல்லாமல் விற்கும் முகவர்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கப்பலின் வரைபடத்தை வாங்கி, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சூதாட்டக் கூடம், ஆடல் பாடல் அரங்கு, மதுச்சாலை, இரவில் நாற்காலி இழுக்கும் உணவுக்கூடம் இவற்றை ஒட்டிய அறை நமக்கு வேண்டாம். மேலும் கீழும் மற்றப் பயணிகளின் அறைகளே இருந்தால் இரவு நிம்மதி. ஹலால் உணவு கிடைக்குமா என்பதை டிக்கட் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

துறைமுகத்தில் பல்கனி

பல்கனி அறைக்கு ஆசைப்படுவதற்குக் காரணம் துறைமுகக் காட்சி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல் துறையில் கட்டப்பட்டதும் ஒரு பக்கம் கரையையும் மறு பக்கம் நீரையும் பார்த்திருக்கும். கரைப் பக்க பல்கனியிலிருந்து பார்த்தால் பெரும்பாலான துறைகளில் தெரிவது பாரந்தூக்கிகளும், அடுக்கி வைத்த கொள்கலன்களும், லொறிகளும்தான். இரவு முழுவதும் மின்விளக்குகள் எரியும். நீர்ப் பக்க பல்கனியில் வள்ளங்கள் போவதும், வலை இழுப்பதும், பறவைகள் அமர்வதும் தெரியும். ஊர் தெரியாது.

சரி, எந்தப் பக்கம் கரை வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று, நீரோட்டம், அன்று காலியாக இருக்கும் இறங்குதுறை இவற்றைப் பார்த்துத்தான் கப்பலை எந்தப் பக்கமாகக் கட்டுவது என்று முடிவாகும். "வலப்பக்கம் எடுங்கள், ஊர் முழுக்கத் தெரியும்" என்று முகவர் சத்தியம் செய்தாலும் அது அவர் கையில் இல்லை.

ஆகவே ஒரு யோசனை. துறைமுகத்தின் அழகு கப்பல் கட்டப்பட்ட பிறகு இல்லை, உள்ளே நுழையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க பல்கனி தேவையில்லை. பஜ்ர் தொழுதுவிட்டு எல்லோருக்கும் பொதுவான மேல்தளத்துக்கு ஏறினால் இரு பக்கமும் உங்களுக்கே. அந்தக் காலத்தில் கொழும்புக்குக் கடல் வழியாக வந்தவர்கள் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளியின் சிவப்பு வெள்ளை மினாராக்களைப் பார்த்தே துறை நெருங்கிவிட்டதை அறிந்தார்கள் என்பார்கள். அவர்கள் யாரும் பல்கனிக்குக் காசு கொடுத்தவர்கள் அல்லர்.

அப்படியானால் பல்கனி வீணா? இல்லை. ஒருவருக்கு அது உண்மையிலேயே பயன்படும். கூட்டத்தில் நிற்க முடியாத, படியேற முடியாத முதியவர் உங்களுடன் வந்தால், நாற்காலியில் இருந்தபடியே கடலைப் பார்க்க அது உதவும். பால் குடிக்கும் பிள்ளையுள்ள தாய்க்கும் அப்படியே. வீட்டில் ஒருவருக்குத்தான் பல்கனி எடுக்க முடியும் என்றால், புது மருமகனுக்கு அல்ல, உம்மம்மாவுக்கு எடுங்கள்.

மறைவும் பிள்ளைகளும்

பல்கனியை நம் வீட்டு முற்றம் போல நினைத்துவிடக் கூடாது. பக்கத்து பல்கனிக்கும் நமக்கும் இடையில் ஒரு தடுப்புத்தான் இருக்கும். மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழ் பல்கனிகள் சில தெரியும். கரையில் கட்டியிருக்கும்போது துறையில் நடமாடுகிறவர்களின் கண்ணுக்கு நேராக நம் அறை இருக்கலாம். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடிக் கதவின் வழியாக எல்லாம் வெளியே தெரியும். ஆகவே மஃரிப் ஆனதும் முதலில் திரையை இழுங்கள், பிறகு விளக்கைப் போடுங்கள். முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு "கடல்தானே" என்று வெளியே வராதீர்கள்.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. பல்கனியில் நாற்காலியும் சிறு மேசையும் போட்டிருப்பார்கள். அவை கைப்பிடிக் கம்பிக்கு அருகில் இருந்தால் பிள்ளை ஏறுவதற்கு அதுவே படி. அறைக்குள் போனதும் முதல் வேலையாக அவற்றைச் சுவரோரம் தள்ளுங்கள். கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடுங்கள். ஓடி விளையாடும் வயதில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பல்கனியே வேண்டாம், யன்னல் அறை எடுங்கள்.

கப்பல் புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். "அது ஆண்களுக்கு" என்று அறையில் தங்கிவிடாதீர்கள். 1985 பெப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'சிதம்பரம்' கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கைதான் வழிகாட்டும். உயிர்காப்பு அங்கியை அபாயாவின் மேலேயே அணிந்து, வார்களை இறுக்கிப் பழகுங்கள். நீண்ட முக்காட்டின் முனைகளை உள்ளே செருகிவிட வேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு அங்கி உண்டா என்று அன்றைக்கே கேளுங்கள்.

தொழுகையும் கிப்லாவும்

கப்பல் திரும்பும், அறையும் கூடவே திரும்பும். வீட்டில் போல ஒரு சுவரை அடையாளம் வைக்க முடியாது. சிறிய திசைகாட்டி ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு நிறைந்த அறைக்குள் அதன் முள் தடுமாறும். கைப்பேசியில் உள்ள திசைகாட்டிக்கும் இதே குறைதான். எனவே திறந்த தளத்தில் பாருங்கள், அல்லது கப்பல் இப்போது எந்தத் திசை போகிறது என்று ஊழியரிடம் கேட்டு அதிலிருந்து கணக்கிடுங்கள். அறை எடுக்கும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முஸல்லா விரிக்க இடமுண்டா என்று பார்ப்பதும் நல்லது. ஆட்டத்தில் நிற்க முடியாதவர் அமர்ந்து தொழலாம். கஸ்ர், ஜம்உ பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

தலைமன்னார்க் கப்பல்

இப்போது நம் சொந்தக் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ஒரே டிக்கட்டில் பயணம் செய்யும் வழி பிறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்குக் கப்பல், மறுபடி ரயில். 'இர்வின்', 'கோஷன்' என்ற நீராவிக் கப்பல்களைப் பெயர் சொல்லி நினைத்த தலைமுறை ஒன்று இருந்தது. இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் அதிலும் வகுப்புகள் உண்டு. காசுள்ளவர் மேலே ஆசனத்தில் அமர்ந்து கடலைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஏழைகள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட பிறகே கப்பல் ஏறினார்கள்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்கே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. உள்நாட்டுப் போர் மூண்ட 1980-களின் முற்பகுதியில் அதுவும் நின்றது. 1990-இல் தலைமன்னார் ரயிலும் நின்றது.

அறை கேட்காத வள்ளங்கள்

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தை எழுதாமல் மன்னார்க் கடலைப் பற்றி எழுத முடியாது. வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். 70,000-க்கும் மேற்பட்ட நம்மவர்கள் ஒரு சில நாட்களில் வீடு, வாசல், நகை, ஆவணம் அனைத்தையும் விட்டு வெளியேறினார்கள். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவின் ஊர்களிலிருந்து பெருந்தொகையானோர் திறந்த வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போனார்கள். அந்த வள்ளங்களில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று யாரும் கேட்கவில்லை. கைக்குழந்தையோடும், கர்ப்பத்தோடும், நடக்க முடியாத உம்மாவோடும் கிடைத்த பலகையில் அமர்ந்தார்கள். எந்தப் பக்கம் அமர்ந்திருந்தாலும் அவர்கள் பார்த்த காட்சி ஒன்றுதான்: தூரத்தில் சிறிதாகிக்கொண்டே போன தங்கள் ஊர்.

அந்தத் தாய்மார் பலர் புத்தளத்தின் ஓலைக் குடிசைகளில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார்கள். 2009-க்குப் பிறகு சிலர் திரும்பினார்கள். சிலருக்கு வீடு இல்லை, சிலருக்குக் காணி இல்லை. திரும்பாமலே கண் மூடியவர்கள் எத்தனையோ பேர். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. இன்று வெளிநாட்டிலிருந்து உம்மாவைக் கப்பலுக்கு அழைக்கும் மகன்களில் சிலர் அந்த வள்ளங்களில் மடியில் இருந்த பிள்ளைகள்தான். அப்படிப்பட்ட உம்மாவிடம் "கடல் பார்க்கும் அறை எடுக்கவா?" என்று முதலில் கேளுங்கள். ஆசையோடு பார்ப்பவரும் இருப்பார். அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடப்பவரும் இருப்பார். அவருக்கு நடுக் கப்பலின் உள் அறையே பெரிய மரியாதை. இதை விலைப்பட்டியல் சொல்லாது, பிள்ளைதான் கேட்டறிய வேண்டும்.

மறுபடி ஓடினால்

2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இராமேஸ்வரம் - தலைமன்னார்க் கப்பலை விரைவில் தொடங்க இணைந்து முயல்வதாக 2024 டிசம்பரில் இரு நாட்டு அரசுகளும் அறிவித்தன. இன்ஷா அல்லாஹ், அந்தக் கப்பல் ஓடும் நாளில் எந்தப் பக்கம் அமர்வது?

தலைமன்னாரிலிருந்து போகிறவர்கள் முன்னோக்கி அமர்ந்து இடப்பக்கத்தைப் பிடியுங்கள். தெற்கே தீடைகள் வரிசையாக இருக்கும் பக்கம் அதுதான். திரும்பி வரும்போது வலப்பக்கம். நெருங்கி வருகையில் தலைமன்னார் வெளிச்சவீடும் பழைய இறங்குதுறையும் கண்ணில் படும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடலும், சோளகக் காலத்தில் தென்கடலும் கொந்தளிக்கும் என்பது மீனவ வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மாரி மாதங்களில் பிள்ளைகளோடு இந்தப் பயணம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. வரைபடத்தை எடுத்து தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாயும். மன்னாரில் நாம் தொழுகைக்கு நிற்கும் கிப்லாவும் ஏறக்குறைய அதே திசைதான்! அந்தக் கப்பலில் போகும்போது தொழுகைக்கு அணியம் நோக்கி நின்றால் போதும். வேறு எந்தக் கப்பலிலும் இவ்வளவு இலகுவாகத் திசை கிடைக்காது.

கரையில் இறங்கினால் பள்ளிமுனையில், அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்கமரம் நிற்கிறது. வாடைக் காலத்தில் வங்காலைச் சதுப்பில் பூநாரைகள் இறங்குகின்றன. இவற்றுக்கெல்லாம் பல்கனி தேவையில்லை.

சகோதரிகளே! அறை எடுக்கும்போது பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். யார் வருகிறார்கள், அவர்களால் எத்தனை படி ஏற முடியும், எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், எதைப் பார்க்கப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். ஏறும்போது நூஹ் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் கப்பலில் ஓதிய துஆவைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து ஓதுங்கள். புறப்பட்ட கரைக்கே நம் எல்லோரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.